பின்னங்கால்கள் செயலிழந்த நாயைப் பராமரிப்பது எப்படி?

ஆட்டுப் பட்டிக்கும், தோட்டத்துக்கும், களத்து மேட்டுக்கும் காவல் நாய் இன்றியமையாதது. இராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை போன்ற இனங்களானாலும் சரி, சாதாரண ஊர் நாயானாலும் சரி, இரவில் பட்டியைக் காப்பது அதுவே. இத்தகைய நாய் சாலையில் வண்டியில் அடிபட்டோ, காட்டுப் பன்றி தாக்கியோ, நோய் கண்டோ இடுப்புக்குக் கீழே செயலற்றுப் போவதுண்டு. பின்பகுதியைத் தரையில் இழுத்துக்கொண்டு முன்னங்கால்களால் நகரும். "இனி இது தேறாது" என்று பலரும் அதை ஒரு மூலையில் விட்டுவிடுகின்றனர்.

கால்கள் செயலிழப்பதால் மட்டும் நாய் இறந்துவிடுவதில்லை. முதல் சில நாட்களைத் தாண்டிய நாய்கள் பெரும்பாலும் சிறுநீர் தேங்குவதாலும், படுக்கைப் புண்ணாலும், புண்ணில் புழு வைப்பதாலுமே மடிகின்றன. இம்மூன்றையும் வீட்டிலேயே தடுக்கலாம். இதற்குப் பணச் செலவு குறைவு. வேளை தவறாத கவனிப்பே தேவை.

முதலில் வெறிநோய் ஐயம்

நாயைத் தொடுவதற்கு முன் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். வெறிநோய் எப்போதும் பாய்ந்து கடிக்கும் வெறியாக வருவதில்லை. சில நாய்களில் அது ஊமை வெறியாக வரும். கீழ்த்தாடை தொங்கும், எச்சில் ஒழுகும், விழுங்க முடியாது, குரைக்கும் குரல் மாறும், கால்கள் தள்ளாடிப் பின் விழுந்துவிடும். தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறது என்று எண்ணி வாய்க்குள் கையை விடுவது பேராபத்தாகும்.

அடிபட்டதற்கான அடையாளம் எதுவுமின்றி, வெறிநோய்த் தடுப்பூசி போடாத நாய் ஒன்று இவ்வாறு விழுந்தால், அதைத் தனியே அடைத்துவிட்டுக் கால்நடை மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும். வெறிநோய் வெளிப்பட்ட நாய் பெரும்பாலும் 10 நாட்களுக்குள் இறந்துவிடும். அதன் பல்லோ, எச்சிலோ காயத்தில் பட்டவர்கள், சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். வயிற்றில் 14 ஊசி போடும் பழைய முறை இப்போது இல்லை. கையில் சில ஊசிகளே போடப்படுகின்றன. ஆகவே அஞ்சி நாளைக் கடத்தலாகாது.

காரணங்கள்

மூளையிலிருந்து கால்களுக்குக் கட்டளை செல்லும் வழி, முதுகெலும்புக்குள் இருக்கும் தண்டுவடம் ஆகும். முதுகெலும்பு முறிந்தோ, விலகியோ தண்டுவடம் நசுங்கினால் கால்கள் செயலிழக்கும். முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு பிதுங்கினாலும் இவ்வாறே நேரும். குட்டை கால்களும் நீண்ட உடலும் உள்ள நாய்களில் இது அதிகம். கிராமங்களில் வண்டியில் அடிபடுவதும், தடியடி படுவதும், உயரத்திலிருந்து விழுவதும் முக்கியக் காரணங்கள்.

தடுப்பூசி போடாத குட்டிகளில் டிஸ்டெம்பர் என்னும் நச்சுயிரி நோயாலும் கால்கள் விழலாம். முதலில் காய்ச்சல், கண்ணிலும் மூக்கிலும் சீழ் வடிதல், இருமல், கழிச்சல் ஆகியவை தோன்றும். பின்னர் தசைத் துடிப்பும் வலிப்பும் காணும். இந்நோய் கண்ட நாயை மற்ற நாய்களிடமிருந்து பிரித்து வைக்க வேண்டும்.

அடிபட்டவுடன் செய்ய வேண்டியவை

அடிபட்ட நாயைக் காலைப் பிடித்தோ, இடுப்பைப் பிடித்தோ தூக்கக் கூடாது. முறிந்த எலும்பு அசைந்து தண்டுவடத்தை மேலும் நசுக்கிவிடும். அகலமான பலகை அல்லது பழைய கதவின் மீது மெல்ல நகர்த்தி, உடல் புரளாதபடி துணியால் கட்டி எடுத்துச் செல்ல வேண்டும். வலியில் வளர்த்தவரையே கடிக்கும் என்பதால், வாயைத் துணி நாடாவால் கட்டுவது நலம். வாந்தி எடுக்கும் நாய்க்கும், மூச்சுத் திணறும் நாய்க்கும் வாயைக் கட்டலாகாது. ஈறு வெளுத்திருந்தால் உள்ளே இரத்தக் கசிவு இருக்கலாம். அப்போது ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது.

மனிதர்களுக்கான வலி மாத்திரைகளை நாய்க்குக் கொடுக்கக் கூடாது. டைக்ளோபினாக், ஐபுபுரூபன் போன்றவை நாயின் குடலைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். இடுப்பில் சூடு போடும் வழக்கமும் தவறு. சூட்டினால் கால் எழாது. ஆறாத புண் ஒன்று மேலும் சேரும்.

தேறுமா, தேறாதா?

இதை அறிய மருத்துவர் கால் விரலை இறுக்கிப் பார்ப்பார். காலை இழுத்துக்கொண்டால் உணர்ச்சி இருக்கிறது என்று பலர் மகிழ்வதுண்டு. அது சரியன்று. மூளைக்குத் தெரியாமலேயே கால் தானாக இழுத்துக்கொள்ளும். நாய் திரும்பிப் பார்க்க வேண்டும், கத்த வேண்டும், கடிக்க வர வேண்டும். அப்போதுதான் வலி மூளைக்கு எட்டுகிறது என்று பொருள்.

வலி எட்டினால் மீண்டும் நடக்க நல்ல வாய்ப்புண்டு. முதுகெலும்பு முறிந்து, வலி உணர்ச்சியும் அற்றுப் போயிருந்தால், நடக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய இடங்களில் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. உள்ளூர் மருத்துவர் பரிந்துரைத்தால் எக்ஸ்ரே பரிசோதனைக்கு அங்கு கொண்டு செல்லலாம். எலும்பு முறிந்த நாய்க்கு அறுவை சிகிச்சை இல்லையெனில், 4 முதல் 6 வாரங்கள் சிறு கூண்டில் அல்லது தடுப்புக்குள் அசையாமல் ஓய்வு கொடுக்க வேண்டும்.

சிறுநீரை வெளியேற்றுதல்

பராமரிப்பில் முதன்மையானது இதுவே. கால்களோடு சிறுநீர்ப்பையும் செயலிழந்திருக்கலாம். சிறுநீர் சொட்டுச் சொட்டாக ஒழுகுவதைக் கண்டு, நாய் கழித்துவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. நிறைந்த குடம் வழிவது போல, நிரம்பிய பையிலிருந்து அது வழிவதாக இருக்கலாம்.

நாளைக்கு 3 அல்லது 4 முறை சிறுநீரை வெளியேற்ற வேண்டும். நாயைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, பின்தொடைகளுக்குச் சற்று முன்பாக, அடிவயிற்றின் இரு புறமும் உள்ளங்கைகளை வைத்தால் பந்து போன்ற பை தட்டுப்படும். அதை மெதுவாக, விட்டுவிடாமல், வாலை நோக்கி அழுத்தினால் சிறுநீர் பீறிட்டு வரும். முதல் முறை மருத்துவரிடம் நேரில் கற்றுக்கொள்ள வேண்டும். வராவிட்டால் முரட்டுத்தனமாக அழுத்தலாகாது, பை வெடித்துவிடக்கூடும். சிறுநீர் கலங்கியோ, துர்நாற்றத்துடனோ, இரத்தம் கலந்தோ வந்தால் மருந்து தேவை. அடிபட்ட நாய் ஒரு நாள் முழுதும் சிறுநீர் கழிக்காமல், பையும் கைக்குத் தட்டுப்படாமல் இருந்தால், பை கிழிந்திருக்கலாம். உடனே மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும்.

படுக்கையும் புண்ணும்

வெறும் சிமெண்டுத் தரையில் நாயைப் படுக்க விடக் கூடாது. வைக்கோலைத் தடிமனாகப் பரப்பி, அதன்மேல் சாக்கு விரித்து, அதற்கும் மேல் பழைய பருத்திச் சேலையை மடித்துப் போட வேண்டும். நனைந்ததும் துணியை மாற்ற வேண்டும். பகலில் 4 மணி நேரத்துக்கு ஒரு முறை வலப்புறமும் இடப்புறமுமாகப் புரட்டிப் படுக்க வைப்பது அவசியம். எலும்பு முறிந்த நாயைப் புரட்டும் முறையை மருத்துவரிடம் கேட்டுச் செய்ய வேண்டும்.

இடுப்பு எலும்பு முனை, முழங்கை, குதிகால் மூட்டு ஆகிய இடங்களைத் தினமும் பார்க்க வேண்டும். முடி உதிர்ந்து தோல் சிவந்திருந்தால் புண் தொடங்குகிறது என்று அறியலாம். சிறுநீரும் சாணமும் பட்ட இடத்தை வெதுவெதுப்பான நீரால் கழுவி, ஈரம் போகத் துடைக்க வேண்டும். பின்பகுதி முடியைக் குட்டையாக வெட்டி விடுவது நன்று.

ஈ மொய்த்த புண்ணில் ஒரே நாளில் புழு வைத்துவிடும். புண்ணைச் சுற்றி வேப்பெண்ணெய் தடவினால் ஈ அண்டுவது குறையும். பினாயில், மண்ணெண்ணெய், வண்டி எண்ணெய் ஆகியவற்றைப் புண்ணில் ஊற்றக் கூடாது. புழு கண்டால் மருத்துவரைக் கொண்டு எடுப்பதே நலம்.

பயிற்சி

மருத்துவர் அனுமதித்த பிறகு, பின்னங்கால்களின் ஒவ்வொரு மூட்டையும் மெல்ல மடக்கி நீட்ட வேண்டும். ஒரு தடவைக்கு 10 முதல் 15 முறையாக, நாளைக்கு 2 அல்லது 3 தடவை செய்யலாம். இதனால் மூட்டு இறுகாது. பின்னர், அகலமான துண்டை அடிவயிற்றில் கொடுத்துப் பின்பகுதியைத் தாங்கிப் பிடித்து நடத்தலாம். புண் இல்லாத நாயைப் பம்புசெட் தொட்டியில், தலை நீருக்கு மேல் இருக்கும்படி கையில் தாங்கி, சில நிமிடங்கள் காலசைக்க விடலாம்.

மீண்டும் நடக்காது என்று உறுதியான நாய்க்குச் சக்கர வண்டி பயன்படும். முக்கால் அங்குல பி.வி.சி. குழாய், குழந்தைகளின் மூன்று சக்கர சைக்கிளின் இரு சக்கரங்கள், தோள்வார் ஆகியவற்றைக் கொண்டு உள்ளூரிலேயே செய்துகொள்ளலாம். முதுகு வளையாமல் மட்டமாக இருக்க வேண்டும். பாதம் தரையில் உரசக் கூடாது. தொடை படும் இடத்தில் துணி சுற்ற வேண்டும். தொடக்கத்தில் 15 நிமிடம் போதும். வண்டியில் பூட்டிய நாய் படுக்க முடியாது. ஆகவே அதைத் தனியே விட்டுச் செல்லலாகாது.

உணவு

ஓடியாடாத நாய்க்குத் தீனியைச் சற்றுக் குறைக்க வேண்டும். உடல் பெருத்தால் முன்னங்கால்கள் தாங்கா. மலச்சிக்கல் வராமலிருக்க, சோற்றுடன் வேக வைத்த பரங்கிக்காய் சேர்க்கலாம். எலும்பு போடுவதைத் தவிர்க்க வேண்டும். குடிநீர் எப்போதும் எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். நனைக்கிறதே என்று தண்ணீரைக் குறைப்பது தவறு.

முடிவு எடுக்கும் முறை

இத்தனையும் செய்ய வீட்டில் ஓர் ஆள் வேண்டும். அறுவடைக் காலத்தில் இது எளிதன்று. ஆகவே வீட்டார் கலந்து பேசி, யார் எந்த வேளை பார்ப்பது என்று முன்பே பிரித்துக்கொள்வது நல்லது. நாய் வலியின்றி உண்டு, ஆளைக் கண்டால் மகிழ்ந்தால், அதை வளர்க்கலாம். அதன் காதும் மூக்கும் குன்றுவதில்லை. பட்டி வாசலில் படுத்தபடியே அது குரைத்து எச்சரிக்கும்.

தீராத வலி, பரவும் புண், உணவு மறுப்பு ஆகியவை தொடர்ந்தால், மருத்துவரைக் கொண்டு ஊசி மூலம் துன்பமின்றி உயிர் பிரியச் செய்வது கருணையேயாகும். நஞ்சு வைப்பதும், அடித்துக் கொல்வதும், பசியால் வாடும்படி ஊருக்கு வெளியே விட்டு வருவதும் 1960-ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும்.

வருமுன் காப்பதே எளிது. குட்டிக்கு 6 முதல் 8 வாரத்தில் டிஸ்டெம்பர் தடுப்பூசியைத் தொடங்கி, மருத்துவர் கூறும் இடைவெளியில் மறுமுறைகளைப் போட வேண்டும். 3 மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, ஆண்டுதோறும் தொடர வேண்டும். சாலையோரத் தோட்டங்களில், வண்டிகள் மிகுதியாகச் செல்லும் நேரத்தில் நாயைக் கட்டி வைப்பது நலம்.