சாவிக் கடிகாரங்களைச் சீர்செய்தல்

அஞ்சல்தலை சேர்ப்போரும் நாணயம் சேர்ப்போரும் நம் கல்லூரியில் பலர் இருக்கின்றனர். நின்றுபோன கைக்கடிகாரங்களை வாங்கி ஓடவைப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர், நான் அறிந்தவரை, என்னைத் தவிர வேறு எவரும் இல்லை. "படிப்பு முடிந்ததும் ரிப்பேர் கடை வைக்கப் போகிறாயா?" என்று விடுதி நண்பர்கள் கேட்பதுண்டு. அதற்கு விடையாகவும், இயற்பியல் வகுப்பில் கரும்பலகையில் கண்ட விதிகள் பல இரண்டு விரல் அகல வட்டத்துக்குள் கூடி வேலை செய்வதைக் காட்டவும் இக்கட்டுரையை எழுதுகிறேன். இன்னொரு நோக்கமும் உண்டு. பழைய கடிகாரத்தைச் சீர்செய்வது வேறு. அதற்குப் புதியதைப்போல வேடமிடுவது வேறு. இரண்டும் ஒன்றே என்று நினைப்பவர் கையில் நல்ல கடிகாரங்கள் பல கெட்டுப் போகின்றன.

தொடங்க விரும்புவோர்க்கு நான் சொல்வது எச்.எம்.டி. ஜனதா. இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் என்ற அரசு நிறுவனம் 1953இல் பெங்களூரில் தோன்றியது. 1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியுடன் கடிகாரத் தொழிற்சாலையும் அங்கே அமைந்தது. திருமணத்துக்கும் முதல் சம்பளத்துக்கும் பணி ஓய்வுக்கும் ஒரு தலைமுறை வாங்கிய கடிகாரம் எச்.எம்.டி.தான். 1969 டிசம்பரில் ஜப்பானின் செய்க்கோ நிறுவனம் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்றைய குவார்ட்ஸ் கடிகாரங்களில் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அதனோடு சாவிக் கடிகாரம் போட்டியிட இயலாது. டாட்டா குழுமமும் தமிழக அரசின் டிட்கோ நிறுவனமும் சேர்ந்து 1984இல் டைட்டனைத் தொடங்கின. நம் ஓசூரில் குவார்ட்ஸ் கடிகாரங்கள் உருவாயின. எச்.எம்.டி.யின் கடிகார நிறுவனத்தை மூடுவதற்கு மத்திய அரசு 2016 ஜனவரியில் ஒப்புதல் அளித்தது. ஆயினும் பழைய ஜனதாக்கள் இன்றும் வீட்டு அலமாரிகளில் கிடக்கின்றன. விலை குறைவு, உதிரிப் பாகங்கள் இன்னும் கிடைக்கின்றன, பழகும் கைக்கு இடம் தரும் இயந்திரம்.

பின்மூடியைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது முன்னும் பின்னும் சுழலும் சிறு சக்கரம். பேலன்ஸ் வீல் என்பது அதுவே. முதலாண்டு செய்முறை வகுப்பில் நாம் கட்டித் தொங்கவிட்ட முறுக்கு ஊசலை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே கம்பி செய்த வேலையை இங்கே மயிரிழை போன்ற சுருள்வில், அதாவது ஹேர்ஸ்பிரிங், செய்கிறது. மீள்விசை இடப்பெயர்ச்சிக்கு நேர்விகிதத்தில் இருப்பதால் இயக்கம் தனிச்சீரிசை இயக்கமாகிறது; சக்கரம் சற்றுக் கூடுதலாகச் சுழன்றாலும் குறைவாகச் சுழன்றாலும் காலம் ஏறக்குறைய மாறுவதில்லை. ஹூக்கின் விதியை இத்தனை அழகாக வேலை வாங்கும் பொருள் வேறு உண்டா என்பது ஐயம். ஜனதா மணிக்கு 18,000 முறை 'டிக்' என்கிறது; நாளொன்றுக்கு 4,32,000 முறை. ஒரு நாளில் ஒரு நிமிடம் பிசகினால் "இந்த வாட்ச் சரியில்லை" என்கிறோம். கணக்கிட்டுப் பார்த்தால் அப்பிழை 1440இல் ஒரு பங்கு. நம் ஆய்வகப் பதிவேடுகளில் அதைவிடப் பெரிய பிழைகளுக்கு முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறோம்!

டயலில் '17 ஜுவல்' என்று அச்சிட்டிருப்பது அலங்காரத்துக்கன்று. சக்கரங்களின் அச்சு முனைகள் சுழலும் குழிகளாகவும், தேய்மானம் மிகுந்த இடங்களில் தாங்கிகளாகவும் செயற்கை மாணிக்கக் கற்கள் பதிக்கப்பட்டுள்ளன. பேலன்ஸ் வீலின் அச்சு முனை தலைமயிரைவிடச் சற்றே பருமனானது. பித்தளைத் துளையில் ஓடினால் துளை நாளடைவில் நீள்வட்டமாகிவிடும். பிரெஞ்சு வேதியியலார் வெர்னோயி 1902இல் மாணிக்கத்தைச் செயற்கையாக உருவாக்கும் முறையை வெளியிட்ட பின்னரே எளியவர் கைக்கும் கல் பதித்த கடிகாரம் மலிவாக வந்து சேர்ந்தது.

இனி வேலைக்கு வருவோம். நின்றுபோன கடிகாரங்களில் பெரும்பாலானவற்றுக்கு எந்த நோயும் இல்லை. எண்ணெய் காய்ந்து பிசினாகிவிட்டது, அவ்வளவே. மின்விசிறியை நிறுத்திவிட்டு, மடியில் வெள்ளை வேட்டியை விரித்துக்கொண்டு உட்கார வேண்டும். கடுகைவிடச் சிறிய திருகாணி சிமெண்டுத் தரையில் விழுந்தால் அன்றைய பொழுது அதைத் தேடுவதிலேயே கழியும். முதற்காரியம், சாவியை விரலால் பிடித்துக்கொண்டு, தடுப்புக் கொக்கியை விலக்கி, மெயின்ஸ்பிரிங்கின் முறுக்கை மெல்ல இறக்கிவிடுவது. முறுக்கு இருக்கும்போதே நெம்புகோலைக் கழற்றினால் பல்சக்கரங்கள் அனைத்தும் ஒரே பாய்ச்சலில் சுழன்று பல்லையும் அச்சையும் முறித்துக்கொள்ளும். பிறகு பாகங்களைக் கழற்றிய வரிசையிலேயே தட்டில் அடுக்கி, வெள்ளைப் பெட்ரோலில் கழுவி, ஒவ்வொரு கல்லின் துளையையும் கூராகச் சீவிய மரக்குச்சியால் துடைக்க வேண்டும். நெம்புகோலை மட்டும் ஸ்பிரிட்டில் ஊறவைக்கக் கூடாது. அதன் இரு கற்களும் அரக்கால் ஒட்டப்பட்டவை. அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். வளையல்களுக்குப் பயன்படும் அதே அரக்குதான் இங்கேயும் பிடித்து நிற்கிறது என்று அறிந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது.

எண்ணெய் இடுவதே இக்கலையில் கடினமான பகுதி. ஊசி முனையில் ஒட்டும் அளவு போதும். 'எண்ணெய் மிகுந்தால் நன்றாக ஓடும்' என்பது தையல் இயந்திரத்துக்குப் பொருந்தலாம். கல்லின் மேற்புறத்தில் சிறு கிண்ணம்போல் ஒரு பள்ளம் உண்டு. பரப்பு இழுவிசையும் நுண்புழைக் கவர்ச்சியும் சேர்ந்து சிறு துளியை அச்சைச் சுற்றி அங்கேயே ஆண்டுக்கணக்கில் நிறுத்தி வைக்கின்றன. துளி பெரிதானால் அது பள்ளத்தை விட்டு வழிந்து தட்டில் பரவிவிடும். தேவைப்பட்ட இடம் வறண்டுபோகும். நெம்புகோலின் அச்சு முனைகளுக்கும் ஹேர்ஸ்பிரிங்குக்கும் எண்ணெயே ஆகாது. எண்ணெய் பட்டாலும் காந்தம் ஏறினாலும் ஹேர்ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கடிகாரம் திடீரென நாளுக்குப் பல நிமிடம் விரைந்தோடும். அப்படிப்பட்ட கடிகாரத்தின் பக்கத்தில் ஆய்வகத்துக் காந்த ஊசியை வைத்துப் பாருங்கள். ஊசி துள்ளினால் குற்றவாளி காந்தம்.

இயந்திரத்தைப் பற்றி ஐயம் எழுவதில்லை. தேய்ந்ததை மாற்ற வேண்டும், அழுக்கைக் கழுவ வேண்டும். சிக்கல் முகத்தில்தான். என் பெரியப்பா ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். ஓய்வு நாளில் உடன் பணியாற்றியோர் அளித்த ஜனதாவின் பின்மூடியில் அவர் பெயரும் தேதியும் பொறிக்கப்பட்டிருக்கும். டயல் பழுத்த வெற்றிலை நிறமாகிவிட்டது. அதைக் கடையொன்றில் காட்டியபோது, புது டயல் போட்டு, கேஸை மெருகேற்றி, "பளபளன்னு தந்துடுறோம்" என்றார்களாம். மெருகேற்றும் சக்கரத்தில் அந்தப் பெயரும் தேதியும் போய்விடும் என்று நான் சொன்னேன். பெரியப்பா யோசித்துவிட்டு, "நீ சொல்றது சரிடா தம்பி. ஆனா எனக்கு மணி தெரியணுமே! எழுத்தே தெரியலை" என்றார். அவர் கேட்டது நியாயம். பார்க்க முடியாத கடிகாரத்தைப் பழமைக்காக மட்டும் கையில் கட்டச் சொல்ல எனக்கு என்ன உரிமை? உருப்பெருக்கியால் நோக்கியபோது டயலின் எழுத்து கறுப்பாகவே இருந்தது. மங்கியிருந்தது அதன் மேலிருந்த கண்ணாடி. பேச்சு வழக்கில் கண்ணாடி என்கிறோமே தவிர அது அக்ரிலிக். மெல்லிய துணியில் வெள்ளைப் பற்பசை தொட்டு அரைமணி நேரம் தேய்த்ததும் கீறல்கள் மறைந்தன. டயலை நான் தொடவில்லை. பெரியப்பா இப்போது மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு மணி சொல்லுகிறார்.

டயலைத் தொடாதே என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்குக் காரணம் உண்டு. பல்சக்கரத்தை மாற்றினால் அதே வகைச் சக்கரம் மீண்டும் அமர்கிறது. டயலுக்கு மறுவண்ணம் பூசினால் தொழிற்சாலை தீட்டியது என்றைக்கும் திரும்பாது. ஒரே வகை இயந்திரம் பல மாதிரிகளில் இருப்பதால், ஜனதாவின் வயிற்றில் 'பைலட்' என்று எழுதிய கறுப்பு டயலை மாட்டி, கூடுதல் விலைக்கு விற்போரும் இருக்கின்றனர். தொழிற்சாலை கனவிலும் காணாத நீலமும் சிவப்பும் பூசி இணையச் சந்தையில் 'அசல் பழமை' என்கிறார்கள். வாங்கும்முன் உருப்பெருக்கியால் எழுத்தின் ஓரத்தைப் பாருங்கள். அசல் அச்சு கத்தியால் வெட்டியதுபோல் இருக்கும். போலியில் மை கசிந்திருக்கும், மணிக் கோடுகள் நேராக நில்லா. உதிரிப் பாகங்களைச் சேர்த்துப் புதிதாக ஒரு கடிகாரம் கோப்பதை நான் குறை கூறவில்லை, நானும் கோத்திருக்கிறேன். அது கோத்த கடிகாரம் என்று வாங்குபவரிடம் சொல்லிவிட வேண்டும், அவ்வளவே.

தொடக்கூடாத டயல் இன்னொன்று உண்டு. இங்கே விளையாட்டு இல்லை. பஸ்ஸின் பின்புறம் ஒட்டும் ஒளிரும் தாளை நாம் 'ரேடியம்' என்கிறோம். அதில் ரேடியம் இல்லை. ஆனால் 1960களுக்கு முற்பட்ட சில வெளிநாட்டுக் கடிகாரங்களின் முள்ளிலும் எண்ணிலும் மெய்யான ரேடியமே பூசப்பட்டிருக்கிறது. அமெரிக்காவில் இவ்வேலை செய்த இளம்பெண்கள் தூரிகையை உதட்டில் வைத்துக் கூராக்கினர். தாடை எலும்பு சிதைந்து பலர் 1920களில் மாண்டனர். நியூஜெர்சியில் ஐவர் தொடுத்த வழக்கு 1928இல் இழப்பீட்டுடன் முடிந்தது. ரேடியத்தின் அரை ஆயுள் ஏறத்தாழ 1600 ஆண்டுகள். அப்பூச்சு இன்று இருட்டில் ஒளிராமல் இருப்பதற்குக் காரணம் உடனிருந்த துத்தநாக சல்ஃபைடு சிதைந்ததே, கதிர்வீச்சு குறைந்துவிடவில்லை. பழுப்பாகித் தூளாக உதிரும் பூச்சைக் கண்டால் மூடியை மூடிவிடுங்கள். சுரண்ட வேண்டாம், விடுதி அறையில் ஊத வேண்டாம்.

எல்லாம் பூட்டி ஓடத் தொடங்கிய பிறகு சில நாள் கணக்கு வைக்க வேண்டும். காலை வானொலிச் செய்தியின்போது நேரம் வைத்து, மறுநாள் அதே நேரத்தில் சரிபார்க்கிறேன். டயல் மேல்நோக்கி ஒரு நாள், சாவி கீழ்நோக்கி ஒரு நாள், கையில் கட்டியபடி ஒரு நாள். படுக்கவைத்தால் அச்சு தன் முனையில் ஓடுகிறது. நிமிர்த்தினால் பக்கவாட்டில் உராய்கிறது. எனவே வேகம் மாறுவது இயல்பு. ஹேர்ஸ்பிரிங்கின் செயல்படும் நீளத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு சிறு நெம்பு உண்டு; நீளம் குறைந்தால் வேகம் கூடும். இப்போது என் மேசையில் இருக்கும் ஜனதா படுக்கையில் நாளுக்கு 20 நொடி முந்துகிறது, நிமிர்ந்த நிலையில் 15 நொடி பிந்துகிறது. இரவில் எப்படி வைத்தால் பகலின் பிழை ஈடாகும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.