மாங்கா மட்டும் போதுமா?

கேள்வி: 'அசென்டன்ஸ் ஆஃப் எ புக்வார்ம்' கதையின் மாங்காவைப் படித்து முடித்தால் போதுமா? லைட் நாவலையும் படிக்க வேண்டுமா?

பதில்: படித்தே ஆக வேண்டும் என்பேன். மியா கஸுகி எழுதிய இந்த நாவல் 2015 முதல் 2023 வரை 33 தொகுதிகளாக வந்தது. அதற்காக மாங்காவைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். கதையின் முதல் பாகம் நாவலில் 3 தொகுதி. சுஸுகா வரைந்த மாங்காவில் 7. அவசரமாகச் சுருக்கிய வேலை இல்லை என்பது அதிலேயே தெரியும்.

புத்தகப் பைத்தியமான ஒரு பெண் செத்து, வேறோர் உலகில் மைன் என்ற நோஞ்சான் சிறுமியாகக் கண் விழிக்கிறாள். அங்கே புத்தகம் பணக்காரர் சொத்து. சரி, நாமே செய்வோம் என்று இறங்குகிறாள். களிமண் பலகை சுடும்போது வெடித்துவிடுகிறது. எழுதுவதற்காகச் சேர்த்த மரத்துண்டுகளை அம்மா விறகென்று அடுப்பில் வைத்துவிடுகிறாள். நாவலில் இதையெல்லாம் மைனே சொல்கிறாள். அந்த முதிர்ந்த குரலைக் கேட்டுக் கேட்டு, அவள் சின்னக் குழந்தை என்பதே நமக்கு மறந்துபோகிறது. மாங்கா மறக்க விடாது. நாலடி நடந்தாலே மூச்சு வாங்கும் அந்த உடம்பு கட்டத்துக்குக் கட்டம் கண்முன் நிற்கிறது. காகிதம் செய்யும் பகுதியும் படத்தில்தான் சட்டென்று புரியும்.

ஆனால் நாவலில் அக்கா டூலி, நண்பன் லுட்ஸ் போன்றவர்கள் பார்வையில் கிளைக்கதைகள் வரும். மைனின் கண்ணில் படாத எத்தனையோ விஷயங்கள் அங்கேதான் இருக்கின்றன. அவற்றை விட்டுவிடாதீர்கள்.