வீட்டைத் திருத்தினால் நடை நின்றுவிடுமா?

பக்கவாதம், தண்டுவடக் காயம், இளம்பிள்ளைவாதத்தின் பிற்கால விளைவு என ஏதேனும் ஒரு காரணத்தால் கணவனோ மனைவியோ முன்போல் நடமாட இயலாமற்போய், மற்றவர் வீட்டைச் சற்று மாற்றியமைக்க முற்படும்போது, "எல்லாத்தையும் வசதி பண்ணிக் கொடுத்துட்டா அப்புறம் அவர் நடக்கவே மாட்டார்" என்ற வாக்கியம் எங்கிருந்தாவது வந்து விழுகிறது. உறவினர் சொல்கிறார்கள், பக்கத்து வீட்டார் சொல்கிறார்கள், வேலைக்கு வந்த மேஸ்திரியும் சொல்லிவிட்டுப் போகிறார். கழிப்பறையில் பிடிகம்பி வைத்தால் கால் சோம்பிவிடும், சக்கர நாற்காலியைக் கண்ணில் காட்டினால் அதிலேயே உட்கார்ந்துவிடுவார், படியேறுவதே நல்ல பயிற்சி என்பன இதன் கிளைகள். நோய் விட்டுச்சென்ற குறையோடு அன்றாட வாழ்வை மீண்டும் நடத்தப் பழக்கும் மறுவாழ்வு மருத்துவத்தில், இந்த அளவு கேடு செய்யும் நம்பிக்கை வேறொன்றைக் காண்பது அரிது.

பயிற்சி வேறு, பிழைப்பு வேறு என்பதை மறந்ததில்தான் இந்தத் தவறு தொடங்குகிறது. பயிற்சி என்பது களைப்பில்லாத பொழுதில், பக்கத்தில் ஒருவர் நிற்க, சிறிது சிறிதாக அளவைக் கூட்டிச் செய்யப்படுவது. இரவு 2 மணிக்குச் சிறுநீர் முட்டிக்கொண்டு வர, தாழ்ந்த கட்டிலிலிருந்து ஒரு பக்கக் கையை மட்டும் ஊன்றி எழுந்து, அரையிருட்டில் வாசற்கட்டையைத் தாண்டி, தண்ணீர் வெளியே வராதிருக்கவேண்டி இரண்டு மூன்று அங்குலம் தாழ்த்திக் கட்டப்பட்ட குளியலறைத் தரையில், சோப்பு நீர் காயாத டைல்ஸின்மேல் வலுவற்ற காலை முதலில் வைப்பது பயிற்சி ஆகாது. அங்கே அவர் விழுந்தால், உட்புறம் திறக்கும் கதவை அவருடைய உடலே அடைத்துக்கொள்ள, வெளியில் நிற்கும் மனைவி அதைத் தள்ளித் திறக்கவும் வழியில்லை.

கடினமான சூழலே உறுப்பை மீட்கும் என்போர், நல்ல கையைக் கட்டிவைத்துத் தளர்ந்த கையை வேலை வாங்கும் சிகிச்சையைச் சான்றாகக் காட்டுவதுண்டு. எட்வர்ட் டாப் என்னும் அமெரிக்க உளவியலாளரின் ஆய்விலிருந்து பிறந்த அந்த முறை உண்மையானதே. பக்கவாதம் கண்டு 3 முதல் 9 மாதங்கள் ஆன 222 பேரிடம் அது இரண்டு வாரம் சோதிக்கப்பட்டு, பயன் தருவதாக 2006இல் முடிவுகள் வெளியாயின. ஆனால் மணிக்கட்டையும் விரல்களையும் ஓரளவேனும் அசைக்க முடிந்தவர்களுக்கு மட்டுமே உரிய அச்சிகிச்சையில், குளிப்பது போன்ற நீர்ப் புழக்கத்தின்போதும் விழும் அபாயமுள்ள இடங்களிலும் நல்ல கையைக் கட்டிவைக்கும் கையுறையைக் கழற்றிவிட வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி ஒப்பந்தம் செய்துகொள்கிறார்கள். அவ்வளவு கண்டிப்பான முறையே விட்டுக்கொடுக்கும் இடத்தில், மைத்துனர்கள் கண்டிப்புக் காட்டுவது வேடிக்கை.

நடையை நிறுத்துவது வசதியன்று. விழுதலும், விழுந்துவிடுவோம் என்ற அச்சமுமே அதை நிறுத்துகின்றன. ஒருமுறை விழுந்தவர் நடமாட்டத்தைக் குறைத்துக்கொள்கிறார். குறைத்ததால் தசை வற்றுகிறது. வற்றியதால் மறுமுறை எளிதில் விழுகிறார். மருத்துவச் சான்றுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு, முதியோரைப் பற்றி 2023இல் வெளியிட்ட தொகுப்பாய்வில், வீட்டிலுள்ள இடர்களைக் களைந்தால் விழுதல்கள் ஏறத்தாழ 26 விழுக்காடும், விழும் ஆபத்து மிகுந்தவர்களிடம் 38 விழுக்காடும் குறைவதாகக் கண்டது. கம்பியைப் பற்றிக்கொண்டு நாளுக்கு ஆறுமுறை தாமாகக் கழிப்பறைக்குச் சென்று வருபவர், கம்பியில்லாத வீட்டில் படுக்கையருகே பாத்திரம் வைத்துக்கொண்டு கிடப்பவரைக் காட்டிலும் எத்தனை மடங்கு நடக்கிறார் என்று கணக்கிட ஆய்வு எதுவும் தேவையில்லை.

சக்கர நாற்காலி ஆளை முடக்கிவிடும் என்போருக்கு வேலூரே விடை சொல்லும். 1954இல் நேர்ந்த கார் விபத்தில் இடுப்புக்குக் கீழ் உணர்விழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைசிகிச்சை செய்தார். பின்னர் நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அத்துறையை நிறுவினார். அவரது முயற்சியால் 1966இல் அங்கே மறுவாழ்வு நிலையமும் திறக்கப்பட்டது.

இந்த நம்பிக்கையில் ஒரு துளி உண்மை உண்டு. பவல் லாட்டன், லூசில் நகேமோவ் ஆகிய இருவரும் 1973இல் முன்வைத்த சூழல் அழுத்தக் கோட்பாடு, ஒருவருடைய திறனுக்கு மிஞ்சிய சூழல் அவரை ஒடுக்குவதுபோலவே, எதையுமே கேட்காத சூழலும் திறனை மழுங்கச் செய்யும் என்கிறது. ஆனால் அத்தகைய சூழலைப் பிடிகம்பி உண்டாக்குவதில்லை. தாமே உண்ணக்கூடியவருக்கு ஊட்டிவிட்டு, தாமே சட்டை மாட்டக்கூடியவருக்கு மாட்டிவிடும் கைகளே உண்டாக்குகின்றன. வசதியற்ற வீட்டின் சுமையைத் தாங்குவதும் அதே கைகள்தாம். கணவனை நாள்தோறும் தூக்கி உட்காரவைக்கும் மனைவியின் முதுகும் போய்விட்டால், ஒரு வீட்டில் இரண்டு நோயாளிகள்.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு இடம் தேவையில்லை.

வாசலில் ஏதோ ஒரு சாய்தளம் போட்டால் போதும் என்பது தவறு. ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பதே இந்திய அரசின் அணுகல் நெறிமுறைகள் ஏற்கும் சரிவு. மழைநீருக்குப் பயந்து இரண்டடி உயர்த்திய வீட்டுக்கு 24 அடி வேண்டும். இருசக்கர வண்டியை ஏற்றுவதற்குப் போட்ட செங்குத்தான சரிவில் சக்கர நாற்காலியைத் தள்ளினால் அது பின்னோக்கிக் கவிழும். தெருப்பக்கம் இடமில்லையெனில் பக்கவாட்டுச் சந்தில், நடுவே சமதளம் விட்டு, மடக்கிப் போடலாம்.

நிலைப்படியைத் தொட்டால் குடும்பத்துக்கு ஆகாது என்று அஞ்சுவோர் அதைத் தொடவே வேண்டாம். இருபுறமும் சரிவான மரக்கட்டையோ ரப்பர்க் கட்டையோ வைத்தால் சாத்திரமும் பிழைக்கும், சக்கரமும் ஏறும்.

வெஸ்டர்ன் டாய்லெட் வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்பதும் பிழை. இருக்கை தரையிலிருந்து 45 முதல் 48 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். பிடிகம்பி சுவரின் கட்டுமானத்தில் ஆழப் பதிய வேண்டும். துண்டு போடும் கம்பி துண்டைத்தான் தாங்கும், ஆளைத் தாங்காது. ஒருபக்கம் செயலிழந்தவருக்கு எந்தப் பக்கம் கம்பி வேண்டும் என்பதைக் கடைக்காரரோ கொத்தனாரோ முடிவுசெய்யக் கூடாது. அன்றாடச் செயல்களை மீளப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் வீட்டுக்கே வந்து, நோயாளி எழுவதையும் உட்காருவதையும் பார்த்துக் குறித்துத் தர வேண்டும்.

இவை அனைத்தையும் இடித்துத் திருத்தும்போது படும் பாட்டில் பெரும்பகுதி, கட்டும்போதே தவிர்த்திருக்கக் கூடியது. தலைவாசலுக்கு மூன்றரை அடியில் தேக்குக் கதவு செய்து பூ வேலைப்பாடும் செய்விப்பவர்கள், குளியலறைக்கு இரண்டரை அடியில் ஒரு பிளாஸ்டிக் கதவை மாட்டிவிடுகிறார்கள். நிலையும் கதவின் தடிமனும் போக எஞ்சும் வழியில், 65 சென்டிமீட்டர் அகலமுள்ள நாற்காலி நுழைவதே பெரும்பாடு. அமெரிக்காவின் அட்லாண்டாவில், தாமும் சக்கர நாற்காலியில் நடமாடிய எலினார் ஸ்மித், 1987இல் தொடங்கிய இயக்கம் எல்லாப் புது வீடுகளுக்கும் மூன்றே விதிகளைக் கேட்டது: படியில்லாத ஒரு நுழைவாயில், நிலை போக 32 அங்குலமாவது வழிவிடும் கதவுகள், கீழ்த்தளத்தில் ஒரு கழிப்பறை. கீழ்த்தளத்தை வாடகைக்கு விட்டு மாடியில் குடியேறும் தமிழ்நாட்டு வீட்டுக்காரர்களுக்கு இந்த மூன்றும் வரைபடம் கையெழுத்தாகும் முன்னரே சொல்லப்பட வேண்டியவை. வீடு கட்டும் வயதில் எல்லோருக்கும் கால்கள் நன்றாகவே இருக்கின்றன. கதவை அரையடி கூடுதல் அகலமாக வைக்க ஆகும் செலவு, பிற்பாடு சுவரை உடைத்து நிலையை மாற்றும் செலவில் ஒரு சிறு பங்குகூட ஆகாது.