பெயரைப் பறித்த அரசு, கண்டித்த மன்றங்கள்

ஒன்பதாம் வகுப்புக் குடிமையியலில் மனித உரிமைகளின் பட்டியலை மாணவர்கள் எளிதில் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். ஓர் உரிமை பறிபோனால் யார் கேட்பது, கேட்டால் என்ன நடக்கும் என்ற இடத்தில்தான் பாடம் நின்றுவிடுகிறது. அந்த இடத்தைக் கடக்க நான் எடுத்துக்கொள்வது பல்கேரியாவில் வாழும் துருக்கியச் சிறுபான்மையினரின் வரலாறு.

பளுதூக்கும் வீரர் நயீம் சுலைமானோவிலிருந்து தொடங்குகிறேன். 1984 டிசம்பர் இறுதியில், தோதோர் ஷிவ்கோவ் தலைமையிலான பல்கேரியப் பொதுவுடைமை அரசு துருக்கியர்களின் பெயர்களைக் கட்டாயமாக மாற்றத் தொடங்கியது. சில மாதங்களில் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பல்கேரியப் பெயர்களுக்குள் தள்ளப்பட்டனர். நயீம், 'நௌம் ஷலமனோவ்' ஆக்கப்பட்டார். 1986இல் மெல்போர்ன் போட்டிக்குச் சென்றவர் அணியைவிட்டு விலகித் துருக்கியில் தஞ்சம் புகுந்தார். 1988 சியோல் ஒலிம்பிக்கில் தன் எடையைப்போல் மூன்று மடங்குக்கும் அதிகமாகத் தூக்கித் தங்கம் வென்றபோது அவர் பெயர் நயீம் சுலைமனோக்லு. இதைச் சொன்னதும் கடைசி வரிசையும் நிமிர்ந்து உட்காரும்.

அடுத்து, தங்கள் பெயர் எந்தெந்த ஆவணங்களில் இருக்கிறது என்று மாணவர்களை எழுதச் சொல்லலாம். பிறப்புச் சான்று, ஆதார், குடும்ப அட்டை, மாற்றுச் சான்றிதழ் என்று பட்டியல் நீளும். புதிய பெயரில் அடையாள அட்டை வாங்காதவருக்குப் பல்கேரியாவில் சம்பளம்கூட மறுக்கப்பட்டது என்பதை அதன்பின் சொன்னால் நன்கு புரியும். (பெயர்களை மாற்றி விளையாடும் நடிப்புச் செயல்பாடு வேண்டாம்; பட்டப்பெயர் வைப்பதில் முடிந்துவிடும்.)

பொது இடத்தில் துருக்கிய மொழி பேசினால் அபராதம். எதிர்த்தவர்களில் பலர் தன்யூப் ஆற்றுத் தீவான பெலெனே முகாமில் அடைக்கப்பட்டனர். மொகிலியானே கிராமத்து எதிர்ப்பின்போது சுடப்பட்டு இறந்தவர்களில் துர்கான் என்ற கைக்குழந்தையும் உண்டு. இதைக் கீழ்வகுப்புகளில் நான் சொல்வதில்லை.

ஆசிரியர்களாகிய நாம் கவனிக்கவேண்டியது இன்னொன்று. துருக்கிய மொழிப் பள்ளிகள் 1950களின் இறுதியிலேயே பல்கேரியப் பள்ளிகளோடு இணைக்கப்பட்டன. 1970களில் துருக்கிய மொழிப் பாடமும் மறைந்தது. பெயரில் கைவைத்தபோது, மொழி ஏற்கெனவே வகுப்பறையைவிட்டு வெளியேறியிருந்தது.

இனிக் கண்டனம். 1985இல் ஐரோப்பிய அவையின் நாடாளுமன்றப் பேரவை, பல்கேரியாவின் இச்செயலைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. பல்கேரியா அப்போது அந்த அவையின் உறுப்பினரே அல்ல. எல்லோரும் விரும்பியே பெயர் மாற்றிக்கொண்டதாகப் பதில் சொன்னது. சட்டம் கட்டுப்படுத்தும், தீர்மானம் கருத்தைப் பதிவு செய்யும் என்ற வேறுபாட்டை இங்கே விளக்கலாம். "அப்படியானால் தீர்மானத்தால் என்ன பயன், சார்?" என்ற கேள்வி தவறாமல் வரும். உடனே விடை சொல்லாமல் நிகழ்ச்சிகளைத் தொடர்கிறேன்.

1989 மே மாதத்தில் துருக்கியர் போராட்டம் வெடித்தது. அந்தக் கோடையில் மட்டும் ஏறத்தாழ 3,60,000 பேர் கிடைத்ததை எடுத்துக்கொண்டு துருக்கிக்குப் போனார்கள். சுற்றுலாக் கடவுச்சீட்டில் அனுப்பப்பட்டதால் அதற்குப் 'பெரிய சுற்றுலா' என்றே பெயர் நிலைத்துவிட்டது. நவம்பர் 10இல் ஷிவ்கோவ் பதவி இழந்தார். டிசம்பர் இறுதியில் பெயர்களைத் திரும்பப் பெறும் உரிமை அறிவிக்கப்பட்டது.

2012 ஜனவரி 11 அன்று பல்கேரிய நாடாளுமன்றமே அந்தக் கட்டாய மாற்றத்தைக் கண்டித்தது. 1989 வெளியேற்றத்தை 'இனச் சுத்திகரிப்பின் ஒரு வடிவம்' என்று அறிவித்தது. 'இனப்படுகொலை' என்ற சொல்லோடு இதை மாணவர்கள் குழப்பிக்கொள்வார்கள். வேறுபடுத்திக் காட்டுவது அவசியம். பெயர் மாற்றத்துக்காக அன்றைய தலைவர்களில் எவரும் தண்டனை பெறவில்லை என்பதையும் மறைக்கவேண்டியதில்லை.

1985, 2012 ஆகிய இரு ஆண்டுகளையும் கரும்பலகையில் எழுதி, எந்தக் கண்டனத்துக்கு வலிமை அதிகம் என்று விவாதிக்கவிடுகிறேன். சென்றமுறை வகுப்பு சரிபாதியாகப் பிரிந்தது. வீட்டுப்பாடம் ஒன்று: ஷிவ்கோவ் விலகிய பத்தாம் நாள், 1989 நவம்பர் 20இல், ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 7, 8, 30ஆம் பிரிவுகளைப் படித்து வருவது.