தோலுக்குப் போட்ட ஊசி

சொறி பிடித்த நாயைக் கொண்டுவருபவர்கள் எல்லோரும் தோலைத்தான் காட்டுவார்கள். நான் முதலில் நாயை நடக்கவிட்டுப் பார்க்கிறேன். மேசைமேல் ஏற்றுவதற்கு முன் வராந்தாவில் பத்தடி போக வேண்டும், திரும்பி வர வேண்டும். மேட்டுப்பாளையத்தில் வேலை பார்த்த முதல் வருடத்தில் ஒரு பெண் நாயால் வந்த பழக்கம் இது.

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து அதைக் கொண்டுவந்திருந்தார் ஒரு அம்மா. நீண்ட மூக்கு, கழுத்தைச் சுற்றி அடர்ந்த மயிர், நாலு பாதமும் வெள்ளை. தாய் கோலி இனம். தகப்பன் யாரென்று தெரியாது. காது மடல் ஓரத்திலும் முழங்கையிலும் சொறி. அந்த அம்மாவின் முன்கையிலும் அரிப்புத் தடிப்புகள் இருந்தன. தோலைச் சுரண்டி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன், சொறிப்பூச்சி இருந்தது. ஐவர்மெக்டின் ஊசி போட்டு அனுப்பினேன். கிலோவுக்கு 0.3 மில்லிகிராம், மற்ற நாய்களுக்குச் சரியான அளவு.

மறுநாள் விடிவதற்குள் வாசலில் நின்றார். “சார், ராத்திரியிலிருந்து குடிச்சவனாட்டம் தள்ளாடுதுங்க. கண்ணு தெரியலீங்க, செவுத்துல போய் முட்டுது.”

ஐவர்மெக்டின் பூச்சியின் நரம்பையும் தசையையும் முடக்கிக் கொல்லும் மருந்து. நாயின் மூளைக்குள் போய்விட்டால் அங்கேயும் நரம்புகளை அடக்கிவிடும். சாதாரணமாகப் போகாது, மூளையின் ரத்தக்குழாய்ச் சுவரில் இருக்கும் ஒரு புரதம், வருகிற இந்த மருந்தை வெளியே இறைத்துக்கொண்டே இருக்கும். கோலி நாய்கள் பலவற்றில் அந்தப் புரதத்தை உண்டாக்கும் எம்டிஆர்1 மரபணுவில் நான்கு எழுத்துகள் விடுபட்டிருக்கும். இதை 2001இல் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கத்ரீனா மீலியின் குழு கண்டுபிடித்தது. கோலிக்கு இந்த மருந்து ஆகாது என்பது 1980களிலேயே மருத்துவர்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். கலப்புதானே என்று நினைத்துவிட்டேன். கலப்புக்கும் அந்தப் பழுது இறங்கும்.

மாற்று மருந்து கிடையாது, பார்த்துக்கொள்வதுதான் வைத்தியம். இரண்டாம் நாள் நாய் நினைவிழந்தது. நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்தோம். இமை மூடாததால் கண்ணுக்குக் களிம்பு போட்டோம். குளுக்கோஸ் ஏற்றினோம், சிறுநீரில் நனைந்த சாக்கை மாற்றிக்கொண்டே இருந்தோம். அந்த அம்மா ஊருக்குப் போகவே இல்லை. ஏழாம் நாள் அவர் கூப்பிட்டதும் நாயின் வால் நுனி அசைந்தது. பத்தாம் நாள் தானாக எழுந்து நின்றது.

அதற்குப் பிறகு நான் பார்த்த ஐவர்மெக்டின் விபத்துகளில் பல, நாட்டு நாய்களுக்கு நடந்தவை. அவற்றுக்குக் காரணம் கணக்கு. மருந்துக் கடையில் கிடைக்கும் 1 சதவீத ஊசி மருந்தில் ஒரு மில்லியில் 10 மில்லிகிராம் இருக்கிறது. 10 கிலோ நாய்க்கு, கிலோவுக்கு 0.4 மில்லிகிராம் வீதம் போட்டாலும் 0.4 மில்லிதான் வரும். “பாயிண்ட் நாலு” என்று சொன்னது “நாலு” என்று காதில் விழுந்தால் போதும், பத்து மடங்கு ஏறிவிடும். திடமான நாயும் நடுங்கி விழும். அதனால் ஊசி மருந்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்புவதையே நிறுத்திவிட்டேன். எடையைக் கண்ணால் அளப்பதும் இல்லை. தராசு இல்லாத இடத்தில் நாயைத் தூக்கிக்கொண்டு ஒருவர் எடைமேடையில் ஏறட்டும். அவர் எடையைக் கழித்துக்கொள்ளலாம்.

“இதுக்கு முன்னாடி என்ன பூசினீங்க?” என்ற கேள்வியை முகத்தில் கோபமில்லாமல் கேட்க வேண்டும். கோபித்தால் மறைத்துவிடுவார்கள். பழைய இன்ஜின் ஆயில், பினாயில், மாட்டு உண்ணிக்குத் தெளிக்கும் மருந்து என்று எல்லாம் வரும். பூனையை நினைத்தால்தான் எனக்குப் பதறும். நாய்க்கு முதுகில் சொட்டும் பெர்மெத்ரின் மருந்தைப் பூனைக்குப் போட்டால், அதன் ஈரலால் அதைச் சிதைக்க முடியாது. சில மணி நேரத்தில் உடம்பெல்லாம் உதறும். பாத்திரம் கழுவும் திரவத்தைப் போட்டு வெதுவெதுப்பான நீரில் கழுவி, துடைத்து, உடனே கொண்டுவாருங்கள். கொதிக்கும் சூட்டில் கழுவ வேண்டாம்.

இன்னொன்று, மாதாமாதம் போடும் ‘அரிப்பு ஊசி’. ஸ்டீராய்டு அரிப்பை அன்றைக்கே அடக்கும், அதனால் கேட்டு வாங்குகிறார்கள். ஒரு வருடம் இப்படிப் போட்ட லாப்ரடார் ஒன்று மாடிப்படி ஏற முடியாமல் வந்தது. வயசாயிடுச்சு என்று வீட்டில் நினைத்திருந்தார்கள். ஆறு வயதுதான். வயிறு தொங்கி, தோல் காகிதமாக மெலிந்து, தொடைத் தசை கரைந்திருந்தது. ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்தவும் கூடாது, படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

மருந்தால் வராதவற்றில், டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய்தான் மனதை உடைப்பது. குட்டியின் அடிவயிற்றில் சீழ்க் கொப்புளம், கண்ணில் பீளை, சளி. பிறகு மூக்கும் உள்ளங்காலும் தடித்துக் காய்ந்துபோகும். பாதத்தைக் கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள், செருப்புத் தோல் மாதிரி இருக்கும். சளி சரியாகி, பிழைத்துக்கொண்டது என்று வீட்டில் மகிழும்போது, சில வாரங்களில் தலையோ ஒரு காலோ கடிகாரம் போலத் துடிக்கத் தொடங்கும். தூக்கத்திலும் நிற்காது. அதைத் தீர்க்க மருந்தில்லை. தடுப்பூசியை 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 16 வாரம் வரை இடைவெளி விட்டுப் போடுங்கள். ஒன்று போட்டதோடு நின்றுவிட்ட குட்டிகளைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

இப்போது சொறிக்கும் உண்ணிக்கும் வாய்வழி மாத்திரைகள் வந்துவிட்டன. ஃப்ளூரலானர், அஃபாக்ஸலானர் போன்றவை. நன்றாக வேலை செய்கின்றன, நானும் எழுதுகிறேன். நடுக்கமும் வலிப்பும் சில விலங்குகளுக்கு வரலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏ 2018இல் எச்சரித்திருக்கிறது. அதனால் எழுதும்முன், “வலிப்பு வந்திருக்கா?” என்று கேட்டுவிடுகிறேன்.

அந்தத் தோட்டத்து நாய் அடுத்த வருடம் காதில் சீழோடு வந்தது. அதன் அட்டையில் நான் சிவப்பு மையில் பெரிதாக எழுதியிருந்தேன்: ஐவர்மெக்டின் கூடாது. அந்த அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் எந்த மருத்துவரிடம் போனாலும், நாயை இறக்கிவிடுவதற்கு முன் அந்த அட்டையை நீட்டுவாராம்.