கொடும்பாளூரிலிருந்து ஒரு கடற்படைப் பாடம்

1025இல் முதலாம் இராஜேந்திரன் கடாரம் வென்றதோடு சோழர் கடற்படைப் பாடத்தை முடித்துவிடுவேன். ‘அவ்வளவு பெரிய கப்பற்படை பிறகு என்னாச்சு ஐயா?’ என்றாள் ஒரு மாணவி. விடை சொல்லத் திணறினேன்.

மறுநாள் நம் மாவட்டத்துக் கொடும்பாளூரிலிருந்து தொடங்கினேன். கடற்கரையே இல்லாத அவ்வூரில் மணிக்கிராமம் என்ற வணிகக்குழு இருந்தது. தாய்லாந்தின் தகுவாபாவில் கிடைத்த 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டிலும் மணிக்கிராமத்தின் பெயர் உண்டு. வணிகர் பழகிய கடலில்தான் பிறகு போர்க்கப்பல்கள் சென்றன. 1070இல் சோழ நாட்டில் அரசுரிமைக் குழப்பம். அதே ஆண்டில் சோழர் வசமிருந்த பொலன்னறுவையை விஜயபாகு மீட்டார்.

கப்பல் வெல்லும், வென்றதைக் காக்க உள்நாட்டில் நிலையான ஆட்சி வேண்டும். இம்மூன்று ஊர்களையும் வரைபடத்தில் குறிக்கச் செய்தால், மாணவர்களே இதைச் சொல்லிவிடுவார்கள்.