வண்டி குலுங்கலைன்னா சந்தேகப்படுங்க: நமீபியச் சாலைகளில் ஒரு டைனமிக்ஸ் பாடம்

ரோடு ட்ரிப் என்றாலே நம்ம ஹாஸ்டலில் மணாலி, லே, லடாக் என்றுதான் பேச்சு போகும். இந்த முறை கொஞ்சம் தள்ளிப் போவோம். ஆப்பிரிக்காவின் தென்மேற்கு ஓரத்தில் இருக்கிறது நமீபியா. தமிழ்நாட்டைப் போல ஆறு மடங்கு பரப்பு, மக்கள் தொகை சுமார் 30 லட்சம்தான். தலைநகர் விண்ட்ஹுக்கில் கிளம்பினால் நாலே நாளில் மலைச்சரிவு, பாலைவனம், கடற்கரை ஊர் மூன்றையும் ஒரே வண்டியில் பார்த்துவிடலாம். நம்மைப் போலவே இடது பக்கம் ஓட்டுகிற நாடு வேறு.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் கூரை மேல் கூடாரம் பொருத்திய பிக்கப் வண்டியை வாடகைக்கு எடுப்பார்கள். சாவியைக் கையில் கொடுக்கும்போதே சொல்லப்படும் எச்சரிக்கை சரளைச் சாலையைப் பற்றித்தான் இருக்கும், சிங்கம் எல்லாம் அப்புறம். கண்ணுக்கெட்டிய தூரம் வரை நேர் ரோடு, எதிரே ஒரு வண்டி கூட இருக்காது, ஆனாலும் வண்டிகள் கவிழ்கின்றன. ஏன் என்பதற்கான விடை நம்ம டைனமிக்ஸ் பேப்பரிலேயே இருக்கிறது.

முதலில் மலை. விண்ட்ஹுக் கிட்டத்தட்ட 1,650 மீட்டர் உயரத்தில் இருக்கும் பீடபூமி. அங்கிருந்து நமீப் பாலைவனத்துக்கு இறங்கும் கணவாய்களில் ரொம்பச் செங்குத்தானது ஸ்ப்ரீட்ஸ்ஹோக்தே. டிரெய்லர் இழுத்துக்கொண்டு அதில் இறங்கக் கூடாது. சாமான்களோடு 2,400 கிலோ எடையுள்ள வண்டி என்று வைத்துக்கோங்க. 100 மீட்டர் இறங்கினால் வெளியாகும் ஆற்றல் சுமார் 23.5 லட்சம் ஜூல். 20 டிகிரியில் இருக்கும் 7 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோக இது போதும். பிரேக்கை மட்டும் மிதித்தால் இவ்வளவு சூடும் டிஸ்க்கிலும் டிரம்மிலும்தான் இறங்கும். பிரேக் ஆயில் கொதித்துக் குமிழி விட்டால், மிதிக்கிற பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். மலைப்பாதை டிரைவர்களின் பழைய விதியே இங்கேயும்: எந்த கியரில் ஏறுவீங்களோ அதே கியரில் இறங்குங்க. மலைக்கு இது போதும், விஷயம் கீழேதான் இருக்கிறது.

கீழே இறங்கியதும் சரளைச் சாலை ஆரம்பம். சில கிலோமீட்டரிலேயே ரோட்டின் குறுக்கே வரிவரியாக மேடு பள்ளம் வரும், துணி துவைக்கும் பலகை மாதிரி. இதற்கு வாஷ்போர்டு என்றே பெயர். யாரும் செதுக்கியதில்லை, வண்டிச் சக்கரங்களே உண்டாக்கியது. 2007-இல் டேபர்லே, மோரிஸ், மெக்எல்வேன் என்ற மூன்று ஆய்வாளர்கள் சுழலும் மணல் மேடையில் ஒரு சக்கரத்தை உருட்டிப் பார்த்து, ஃபிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ் இதழில் எழுதினார்கள். குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே மணல் சமதளமாகவே இருக்கிறது. அதைத் தாண்டியதும் அலை எழுகிறது. ஸ்பிரிங்கும் டேம்பரும் இல்லாத சக்கரத்துக்கும் இதே கதைதான். ஆக, சஸ்பென்ஷனை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

இப்போ ஒரு பேப்பர் எடுங்க. இரண்டு மேடுகளுக்கு நடுவே 70 சென்டிமீட்டர் இடைவெளி என்று வைப்போம். மணிக்கு 30 கிமீ என்றால் நொடிக்கு 8.3 மீட்டர், அதாவது நொடிக்கு சுமார் 12 குலுக்கல். சஸ்பென்ஷனுக்குக் கீழே தொங்கும் சக்கரம், ஆக்ஸில் இவற்றின் இயல்பு அதிர்வெண் பொதுவாக 10 முதல் 15 ஹெர்ட்ஸ். ரெசொனன்ஸ்! பல் கிட்டிக்கும், டாஷ்போர்டு கழன்றுவிடும் போல ஆடும். என்ன செய்வீங்க? எல்லோரும் செய்வதைத்தான்: ஆக்ஸிலரேட்டரை மிதிப்பீங்க. 80-இல் குலுக்கல் நொடிக்கு 32 ஆகிவிடும். இயல்பு அதிர்வெண்ணைப் போல இரண்டு மடங்குக்கு மேல். டிரான்ஸ்மிஸிபிலிட்டி வளைகோடு வேர் இரண்டைத் தாண்டியதும் கீழே விழுமே, அதே இடம். சக்கரத்தால் பள்ளத்துக்குள் இறங்க நேரமில்லை, மேட்டிலிருந்து மேட்டுக்குத் தாவுகிறது. உள்ளே உட்கார்ந்திருப்பவருக்குத் தார் ரோடு போலச் சுகம். தூக்கம் கூட வரும்.

அந்தச் சுகம் எங்கிருந்து வந்தது என்று யோசிங்க. டயர் பாதி நேரம் தரையிலேயே இல்லை. ஸ்டியரிங், பிரேக் எல்லாம் வேலை செய்வது உள்ளங்கை அளவு நாலு ரப்பர் துண்டுகள் தரையைப் பிடித்திருக்கும் வரைதான். உராய்வுக் கெழு தார் ரோட்டில் 0.8, சரளையில் 0.4 என்று எடுத்துக்கொண்டால், 80-இல் நிற்க முறையே 31, 63 மீட்டர் வேண்டும். சரளையில் 100-இல் போனால் 98 மீட்டர். இது டயர் தரையில் ஒட்டியிருந்தால் வரும் கணக்கு. தாவிக்கொண்டிருந்தால் இன்னும் மோசம்.

கவிழ்வது எப்படி? ரோட்டின் நடுவிலும் ஓரத்திலும் சக்கரங்கள் தள்ளிய சரளை ஒரு வரப்பு போலக் குவிந்திருக்கும். ஒரு வளைவிலோ, குறுக்கே ஓடும் மானைக் கண்டோ, ஸ்டியரிங்கைச் சட்டென்று திருப்பினால் முதலில் ஒன்றும் நடக்காது, பிடிப்பு இல்லையே. இன்னும் திருப்புவோம். திடீரென்று டயர் அந்த வரப்பில் மாட்டும். பக்கவாட்டில் சறுக்கிய வண்டிக்கு அது தடுக்குக்கட்டை. ஓடுகிறவனின் காலைத் தட்டிவிட்ட மாதிரிதான்.

கூரைக் கூடாரம் இதில் எண்ணெய் ஊற்றுகிறது. இடது வலது சக்கரங்களுக்கு நடுவே உள்ள அகலத்தை, புவியீர்ப்பு மையத்தின் உயரத்தைப் போல இரண்டு மடங்கால் வகுங்க. வருகிற எண் குறையக் குறைய வண்டி எளிதில் கவிழும். அகலம் 1.5 மீட்டர், மையம் 0.75 மீட்டர் என்றால் 1.0. அதே 2,200 கிலோ வண்டியின் தலையில், 2.1 மீட்டர் உயரத்தில் 120 கிலோ கூடாரத்தை ஏற்றினால் மையம் 0.82 மீட்டருக்குப் போய், எண் 0.91 ஆகிவிடும். தண்ணீர் கேனையும் மேலே கட்டுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து அதைக் கீழே வைக்கச் சொல்லுங்க.

வாடகை நிறுவனங்கள் பலவும் சரளையில் 80-ஐத் தாண்டக் கூடாது என்று எழுதி வாங்குகின்றன. என்னைக் கேட்டால் வரி தெரிகிற இடத்தில் 60 போதும். சறுக்கினால் பிரேக்கில் ஏறி நிற்காமல் ஆக்ஸிலரேட்டரை மெல்ல விடுங்க, ஸ்டியரிங்கைக் கொஞ்சமாகத் திருப்புங்க.

அடுத்து மணல். செஸ்ரியம் வாசலிலிருந்து சோசுஸ்விலேய் செந்நிறக் குன்றுகளுக்கு 60 கிமீ தார் ரோடு, கடைசி 5 கிமீ மட்டும் புதைமணல். இங்கே டயரில் காற்றை இறக்க வேண்டும். 2,400 கிலோ வண்டியில் ஒரு சக்கரத்தின் மேல் 600 கிலோ. 2.2 பாரில் டயர் தரையைத் தொடும் பரப்பு சுமார் 270 சதுர சென்டிமீட்டர். 1.2 பாருக்கு இறக்கினால் 490. எடை அதேதான், மணலை அழுத்தும் அழுத்தம் பாதிக்குப் பக்கமாகக் குறைகிறது, டயர் மணலை வெட்டாமல் மேலே மிதக்கிறது. திரும்பி வந்ததும் காற்றை ஏற்ற மறந்து தார் ரோட்டில் வேகமெடுத்தால் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மடங்கிச் சூடாகி வெடிக்கும். சின்ன கம்ப்ரசர் ஒன்று வண்டியில் இருக்கட்டும்.

செஸ்ரியத்திலிருந்து வடக்கே சொலிட்டேர். ஒரு பெட்ரோல் பங்க், ஒரு பேக்கரி, துருப்பிடித்த சில பழைய கார்கள், அவ்வளவுதான் ஊர். ஆனால் டேங்க்கை நிரப்பாமல் அதைத் தாண்டாதீங்க. குயிசெப் கணவாய் வழியாக வால்விஸ் பே சுமார் 230 கிமீ.

கடலோரம் வந்ததும் பாலைவனத்தில் மூடுபனி! தெற்கிலிருந்து வரும் குளிர்ந்த பெங்குவேலா நீரோட்டம் மேலே உள்ள காற்றைக் குளிர்விப்பதால் வருவது. 1909-இல் எட்வர்ட் போலன் என்ற ஜெர்மன் கப்பல் இப்படிப்பட்ட பனியில்தான் தரைதட்டியது. மணல் சேர்ந்து கரை நகர்ந்துவிட்டதால், இன்று அது கடலிலிருந்து சுமார் 400 மீட்டர் உள்ளே பாலைவனத்தில் கிடக்கிறது. ஸ்வகோப்முண்டுக்கு வடக்கே போகிறவர்கள் உப்புச் சாலையைப் பார்ப்பார்கள். ஜிப்சம் கலந்த மண்ணில் உப்புநீர் ஊற்றி இறுக்கியது. காய்ந்தால் தார் ரோடு தோற்கும். விடியற்காலைப் பனியில் நனைந்தால் சோப்பு. பார்க்க இரண்டும் ஒரே கறுப்பு, அதுதான் ஆபத்து. வெயில் ஏறும் வரை காபி குடித்துவிட்டுக் கிளம்புங்க.

ஊருக்குள் வந்ததும் வண்டியின் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவணும். சேஸிஸ் மடிப்புகளில் தங்கும் உப்பு, பனியின் ஈரத்தோடு சேர்ந்து இரும்பைத் தின்னும். கையோடு வீல் நட், பேட்டரி கிளாம்ப், கூடாரத்தின் போல்ட் எல்லாவற்றிலும் ஒருமுறை ஸ்பேனர் வைத்துப் பாருங்க. பக்கவாட்டு அதிர்வில் போல்ட் தானாகக் கழலும் என்று யுங்கர் 1969-இலேயே சோதித்துக் காட்டிவிட்டார். வாஷ்போர்டில் வந்த வண்டி அந்தச் சோதனையைப் பல நூறு கிலோமீட்டருக்குச் செய்துவிட்டு வந்திருக்கும்.